நுரையீரலின் மதகுகள்



திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடபால் கொள்ளிடம், தென்பால் காவிரி, நடுவே திருவரங்கம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மதகுகள் ஒழுங்காக இயங்கினால்தான் ஆறு அடங்கி ஓடும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். வல்ல அல்லாஹ் நம் மார்புக்குள்ளும் அத்தகைய மதகுகளை அமைத்துள்ளான்.

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, இடப்பக்கம் திரும்புகின்றது. இவ்வுண்மையை 1242-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். மருத்துவ மேதையான இவர் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞருமாவார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்ற கிரேக்க மருத்துவர் காலனின் கூற்றை அவர் துணிவுடன் மறுத்தார். இங்கிலாந்தின் ஹார்வி தம் நூலை வெளியிட்டது 1628-இல்தான்.

நுரையீரல் இரத்தக் குழாய்கள் விரிவது எவ்வாறு? குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சிறிதளவு சுரக்கின்றன. அது சில நொடிகளே நிலைத்திருந்து, அருகிலுள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கின்றது. வாகனப் புகையில் மாசாக வெளிவரும் அதே வாயு, உடலுக்குள் அளவோடு சுரக்கும்போது உயிர் காக்கின்றது! இதனைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாயு குறைந்தால் குழாய்கள் சுருங்கும். நாளடைவில் சுவர் தடிக்கும். வலப்பக்க இதயம் மிகுந்த அழுத்தத்துடன் இரத்தத்தைத் தள்ள நேர்ந்து, இறுதியில் களைத்துவிடும். இதுவே நுரையீரல் இரத்த அழுத்த நோய். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் இது தெரியாது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருப்பதும், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதடைவதும் நம் நாட்டில் இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள்.

பிறந்த குழந்தைகள் சிலருக்கு முதல் மூச்சுக்குப் பின்னும் இக்குழாய்கள் விரிவதில்லை. அத்தகைய குழந்தைகளுக்கு இவ்வாயுவையே அளந்து சுவாசிக்கக் கொடுத்துக் காப்பாற்றுகின்றனர்.

சகோதர சகோதரிகளே! இந்நோய் இளம் பெண்களையும் தாக்குகின்றது என்பதை மறந்துவிட வேண்டாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், காரணமற்ற சோர்வு, மயக்கம், கால் வீக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். "இரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று நாமே முடிவு கட்டிவிடுகின்றோம். எக்கோ சோதனை செய்தால் இந்நோயின் அடையாளம் பெரும்பாலும் தெரிந்துவிடும். வரன் தட்டிப்போகும் என்றஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுவதும், நோயை மறைத்து நிக்காஹ் முடிப்பதும் பெரும் அநீதியாகும். ஏனெனில், இந்நோயுள்ள பெண்ணுக்குக் கர்ப்பமே உயிராபத்தாக முடியலாம்.

மருந்து பற்றியும் ஒரு சொல். இந்நோய்க்கு மருத்துவர் தரும் சில்டெனாஃபில், இவ்வாயுவின் பணியை நீடிக்கச் செய்வது. அது வேறொரு காரணத்துக்காகப் பெயர்பெற்றதென்று கூச்சப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. அதேவேளை, அதனை உட்கொள்பவர், நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை வீட்டிலுள்ள வேறொருவரிடமிருந்து வாங்கிப் போடலாகாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்துவிடும்.

நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று. நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியே அது. மூச்சு வாங்கும் மகளை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.