கணக்கில் ஏறாத உழைப்பு

ஆரணிப் பட்டுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் அமைந்த ஊர், திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு. இப்பகுதி நெசவாளர் இல்லங்களில் ஐப்பசி முதல் தை வரையிலான காலம் ஓய்வறியாதது. தீபாவளி, கார்த்திகைத் தீபம், கிறிஸ்துமஸ், பொங்கல் என விழாக்கள் தொடர்ந்து வருகின்றன. விழாவுக்கு முன் சேலையை நெய்து முடிக்க வேண்டும். விழாவன்று வீடும் புதுக்கோலம் பூண வேண்டும். முன்னதற்குக் கூலி உண்டு, பின்னதற்கு இல்லை.

நெசவு என்றதும் தறியில் அமர்ந்திருப்பவரே கண்ணுக்குத் தெரிகிறார். இராட்டையில் தார் சுற்றி, அறுந்த இழைகளை முடிந்து தருபவர் பல இல்லங்களில் குடும்பத் தலைவியே. சேலைக்குக் கிடைக்கும் கூலியில் அவருடைய உழைப்பும் அடங்கியிருக்கிறது. ஆயினும், அது தனியே பேசப்படுவதில்லை.

பண்டிகை நாளில் தறிக்கு ஓய்வு, பள்ளிக்கு விடுமுறை, அடுப்புக்கு மட்டும் விடுமுறை இல்லை. விடியுமுன் வெந்நீர் வைப்பதில் தொடங்கி, இரவில் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது வரை தாயின் பணி நீள்கிறது. கைகளின் வேலையைவிட மனத்தின் வேலை பெரிது. எந்தப் பிள்ளைக்கு எந்த அளவில் சட்டை வாங்குவது, எந்த உறவினருக்கு என்ன சீர் செய்வது, மளிகைக் கடையில் பாக்கி எவ்வளவு என அனைத்தையும் அவரே நினைவில் வைத்திருக்கிறார். இவையெல்லாம் சரியாக நடந்தால் எவரும் கவனிப்பதில்லை. ஒன்று தவறினால் அனைவரும் கேட்கின்றனர்.

இந்நிலை ஓரூருக்கு மட்டும் உரியதன்று. நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவதோ 88 நிமிடங்களே. 2019இல் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன. ஐந்தாண்டுகளில் இடைவெளி ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

சட்டமும் அரசும் இவ்வுழைப்பைக் காணத் தொடங்கியுள்ளன. கணவர் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில், இல்லத்தைப் பேணிய மனைவிக்கும் சம பங்கு உண்டு எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய, தகுதியுள்ள மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம், 'உதவித்தொகை' என்னாமல் 'உரிமைத்தொகை' என்றே பெயர் பெற்றது.

தாயின் பணி அன்பால் விளைவது, அதனை அளக்கலாகாது என்பார் உளர். அன்பை எவரும் அளக்கவில்லை, அளக்கப்படுவது களைப்பே. அன்பு குடும்பத்தார் அனைவருக்கும் உரியதாயின், அதன் பெயரால் வரும் வேலை ஒருவருக்கு மட்டும் உரியதாவது எங்ஙனம்? 'தியாகம்' என்னும் புகழ்ச்சி பலவேளைகளில் வேலையைப் பகிராதிருப்பதற்கான சாக்காகிவிடுகிறது. தாய்க்கு வேண்டுவது புகழ்மாலையன்று. உடன் உழைக்கும் கைகள்.

மாற்றம் வீட்டில்தான் தொடங்க வேண்டும். பண்டிகைக்கு முன்பே வேலைகளைப் பட்டியலிட்டு, மகன், மகள் என்னும் வேறுபாடின்றிப் பிரித்துக்கொள்ளலாம். சொன்னதைச் செய்வது மட்டும் உதவியாகாது. சொல்லாமலே நினைவில் வைத்துச் செய்வதே உண்மையான பங்கேற்பு. வரும் பண்டிகையில் முதல் பந்தியில் தாய் அமரட்டும், மற்றவர்கள் பரிமாறட்டும். இலை எடுப்பதும் அவர்கள் பணியாகட்டும்.