சித்தி கண்மூடினாள், வீடு யாருக்கு?
மூத்த தாரத்துப் பிள்ளைகள் கோர்ட்டுப் படி ஏறுமுன்...

"அப்பா கட்டின வீடு. சித்தி போயிட்டாங்க. இனிமே எங்களுக்குத்தானே?"

சென்னையில் கோர்ட்டு வாசலிலும் தாலுகா ஆபீசிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வீடு யார் பெயரில் இருந்தது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

அப்பா பெயரில் இருந்த சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். முதல் மனைவி இறந்தபிறகுதான் சித்தியை மணந்தார். அப்படியானால் மூத்த தாரத்துப் பிள்ளைகள், இளைய தாரத்துப் பிள்ளைகள், சித்தி எல்லோருக்கும் சம பங்கு. பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது.

இந்தப் பங்கு அப்பா இறந்த அன்றே வந்துவிடுகிறது. சித்தி சாகிறவரை காத்திருக்கத் தேவையே இல்லை! "அவங்க இருக்கிறப்போ கேட்டா நல்லா இருக்காது" என்று வாயை மூடிக்கொண்டவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள்.

சித்தியின் பங்கு?

அவர் உயில் எழுதியிருந்தால் அதன்படி போகும். இல்லையேல், அவர் பெற்ற பிள்ளைகளுக்கே. "மகன் என்ற சொல்லில் மூத்தாள் மகன் அடங்கமாட்டான்" என்ற கருத்தில் சுப்ரீம் கோர்ட்டு 1987-ல் தீர்ப்பளித்துவிட்டது. சித்திக்குப் பிள்ளையே இல்லை என்றால்தான் கணவரின் வாரிசு என்ற முறையில் மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு வழி பிறக்கும். அதுவும் சித்திக்குத் தாய் வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால் கிடையாது. அது அவருடைய தகப்பனார் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும்.

தாயின் இரண்டாவது கணவர் விஷயம் இன்னும் கறார். அவர் தத்து எடுக்கவில்லை, உயிலும் எழுதவில்லை என்றால் அவர் சொத்தில் பிள்ளைக்கு நேரடியாக ஒன்றுமில்லை. அவருக்குப் பின் தாய் உயிரோடு இருந்தால் தாய்க்கு வரும் பங்கு மூலம் ஏதோ கிடைக்கலாம்.

(முஸ்லிம்கள், கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் வேறு.)

வக்கீலுக்குப் பணம்?

"பீஸ் கொடுக்க வக்கில்லையே" என்று பலர் பின்வாங்குகிறார்கள். கோர்ட்டு வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீலை அவர்களே அமர்த்துவார்கள். கோர்ட்டுக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. பெண்கள் என்றால் வருமானக் கணக்கே பார்ப்பதில்லை! தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோருக்கும் அப்படியே. விசாரிக்க 15100 என்ற போன் நம்பர் இருக்கிறது.

போகும்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப்பத்திர நகல் கையில் இருக்கட்டும். வில்லங்கச் சான்றைப் பார்த்தால்தான் அப்பா உயிரோடு இருந்தபோதே சித்தி பெயருக்கு செட்டில்மெண்டு எழுதினாரா என்பது வெளிச்சமாகும். எழுதியிருந்தால் வீடு சித்தியுடையது.

இன்னொன்று. காரியம் முடிந்த கையோடு "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டுவார்கள். அது விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். படித்துப் பார்க்காமல் பேனாவைத் தொடக்கூடாது. வீட்டில் குடியிருப்பவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவதும் ஆபத்து. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் கட்டணம் சொற்பம்; வெளியே தள்ளப்பட்டவர் தன் பங்கின் மார்க்கெட் மதிப்புக்குக் கட்டவேண்டி வரும்.