பால் கெட்டதா? பரிசோதித்துக் காட்டு!

 

சொசைட்டியில் நாம் ஊற்றும் பாலுக்கு டிகிரி பார்க்கிறார்கள், கொழுப்பு பார்க்கிறார்கள், லிட்டர் குறிக்கிறார்கள். எல்லாம் சரியென்று வீடு திரும்புகிறோம். மறுநாள் போனால், "நேத்து உங்க ஊரு கேன் திரிஞ்சு போச்சு, காசு கிடையாது" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். எப்போது கெட்டது? எதை வைத்துச் சொன்னீர்கள்? பதிலும் இல்லை, சீட்டும் இல்லை!

பாலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. ஈ.கோலை போன்ற கிருமி ஏற்ற சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக் கூடியது. ஒன்று இருந்தால் 2 மணி நேரத்தில் 64! பாலை 4 டிகிரிக்குக் குளிர வைத்தால் இந்தப் பெருக்கம் அடங்கும். அப்படியிருக்க, வண்டி 2 மணி நேரம் தாமதமாக வந்து, கேன் வெயிலில் கிடந்தால் யார் குற்றம்? மாட்டின் குற்றமா? மாட்டுக்காரன் குற்றமா?

கண்டுபிடிக்க வழி இல்லாமலா போச்சு? 10 மில்லி பாலில் 1 மில்லி மெத்திலீன் புளூ கரைசலை விட்டு 37 டிகிரி வெந்நீரில் வைத்தால் போதும். கிருமி அதிகமானால் நீலம் சீக்கிரம் வெளுக்கும். 5 மணி நேரம் தாங்கினால் நல்ல பால். அரை மணியில் வெளுத்தால் மோசமான பால். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதா? ரெசசூரின் சாயம் இருக்கிறது. நீலம் ரோஸாகி வெளுப்பதைப் பார்த்து 10 நிமிடத்தில் தரம் பிரிக்கலாம். சந்தேகமா, ஒரு மணி நேரம் வைத்துப் பார்!

இந்தச் சாயங்கள் கிருமியின் அளவைத்தான் காட்டும், பெயரைச் சொல்லாது. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு 4, 5 நாள் ஆகும். பி.சி.ஆர். முறையில் ஏறக்குறைய ஒரு நாளில் தெரிந்துவிடும். ஆனால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, பகுப்பாய்வு அறிக்கைக்கு 14 நாள் தவணை தருகிறது. 14 நாள் கழித்து வரும் தாளைக் காட்டினால், கொட்டிய பால் திரும்பி வருமா?

செலவாகும் என்பார்கள். கொழுப்பு ஒரு புள்ளி குறைந்தால் நம் காசைப் பிடிக்க மெஷின் இருக்கிறது. நியாயம் சொல்ல ஒரு கண்ணாடிக் குழாய்க்கு மட்டும் வழியில்லையா?

கெட்ட பாலை வாங்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அதைக் குடிப்பதும் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள்தான். மடியைக் கழுவிக் கறப்போம். பாத்திரம் சுத்தமாக வைப்போம். மடிநோய் கண்ட மாட்டுப் பாலைக் கேனில் ஊற்ற மாட்டோம். நம் பங்கைச் செய்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. சொசைட்டியில் ஏற்றும்போது ஒரு சோதனை, குளிரூட்டும் நிலையத்தில் இறக்கும்போது ஒரு சோதனை. எங்கே கெட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும்!

2. பாலைத் தள்ளினால் நேரம், சோதனை முடிவு எழுதிய சீட்டு கொடு!

3. தாமதத்தால் கெட்ட பாலுக்கு முழு விலை கொடு!

4. குளிரூட்டும் தொட்டி இல்லாத ஊர்களுக்குத் தொட்டி கொடு!

5. கிருமி குறைந்த பாலுக்குக் கூடுதல் விலை கொடு!

வாய் வார்த்தையை நம்பிப் பாலை இழந்தது போதும்! ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவோம்! குடும்பத்தோடு அணி திரள்வோம்!

சீட்டு இல்லாமல் பாலைக் கொட்டாதே!
உழைப்புக்குக் காசு கொடுக்காமல் ஏய்க்காதே!

இவண்,
விவசாயிகள் சங்கம்