மடியில் கனமில்லையா?



நாம் கூகுளில் தேடுவதெல்லாம் நம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறதே என்று கேட்டால், "தப்பு பண்ணாதவனுக்கு என்னடா பயம்? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை" என்கிறார்கள் நம் பையன்கள். உண்மைதானா? சற்றே சிந்திப்போம்.

2006-ல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சிக்காக என்று சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தான். ஆனாலும் ஒரு எண்ணின் தேடல்களைப் படித்தே 62 வயதுப் பெண்மணி ஒருவரைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! அவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை.

2020-ல் டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்ததில் 5 பேர் இறந்தார்கள். அந்த முகவரியைத் தேடியவர்கள் யார் யார் என்று நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் கூகுளிடம் கேட்டது. குற்றவாளிகள் சிக்கினார்கள். நல்லதுதான். ஆனால் வேறு வேலையாக அதே முகவரியைத் தேடியவரும் அந்த வலையில் விழுவார் அல்லவா?

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அது எல்லையில்லா உரிமை அல்ல. மின்னணுப் பதிவும் சட்டப்படி சாட்சியம்தான். விசாரணைக்குத் தேவையென்றால் போலீஸ் அதைக் கேட்டு வாங்கலாம்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஸ்காலர்ஷிப், கடன், உடம்புக்கு வந்தது என்று எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் படித்தவர்கள் கிடையாது. எல்லாம் கூகுள்தான். என்னைப் போல இங்கே எத்தனை பேர்! அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாததை ஒரு கம்பெனியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மடியில் கனமில்லாதவன் வீட்டுக்கும் கதவு வேண்டாமா?

செய்ய வேண்டியது சுலபம். கூகுள் கணக்கில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' பகுதிக்குப் போய், மூன்று மாதத்துக்கு மேல் பழையதானவை தானே அழியும்படி வைத்துவிடலாம். பதிவையே நிறுத்தியும் வைக்கலாம். 'இன்காக்னிட்டோ'வை நம்பாதீர்கள், அது உங்கள் போனில் மட்டும்தான் தடயத்தை மறைக்கும். இன்னொன்று: வழக்கு, விசாரணை என்று வந்த பிறகு சாட்சியத்தை அழிப்பது குற்றம். ஒன்றும் இல்லாத இன்றைக்கே செய்வதுதான் முறை.

தேடுவோம் நண்பர்களே, நிறையத் தேடுவோம்! தேவையில்லாததைச் சேர்த்து வைக்காமல் தேடுவோம்!

— இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை