பாலைவனத்துப் பிள்ளைகளும் நீருக்குள் போன இயந்திரமும்



இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று முட்டி மோதிக் கொள்ளும். ஒன்று சுழலும் இரும்புத் தகட்டால் வெட்டும். மற்றொன்று எதிரியை அப்படியே தூக்கிக் கவிழ்த்துப் போடும். 'ரோபோ சண்டை' என்று சொல்லப்படும் இந்த விளையாட்டை உங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ கண் இமைக்காமல் பார்த்துக் கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களும் இத்தகைய இயந்திரங்களைத் தாங்களே செய்து போட்டிக்குக் கொண்டு வருகிறார்கள்.

"இதென்ன வெட்டி வேலை? போய்ப் பாடத்தைப் படி!" என்று அதட்டியிருப்பீர்கள். தவறில்லை. ஆனால் அடுத்த முறை அதட்டுவதற்கு முன், இந்த மாதம் நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கேளுங்கள். கதை போல இருக்கும். ஆனால் நடந்த சம்பவம். இதிலும் இயந்திரம் உண்டு, போட்டி உண்டு. அடித்து நொறுக்கும் போட்டி மட்டும் அல்ல. தண்ணீருக்கு அடியில் போய், சொன்ன வேலையைச் செய்து காட்டுகிற போட்டி.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்றொரு பட்டணம் இருக்கிறது. சுற்றிலும் பாலைவனம். அதன் மேற்குப் பகுதியில் இருப்பது கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிகோ நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெற்றோர்கள் உடல் உழைப்பை நம்பி வாழ்பவர்கள். வீட்டில் பேசுவது ஸ்பானிய மொழி. பள்ளியில் படிப்பது ஆங்கிலம். இந்த நிலைமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

அந்தப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் கணினி ஆசிரியர் ஆலன் கேமரூன். மற்றவர் கடல் அறிவியல் கற்பித்த ஃபிரெடி லாஜ்வார்டி. இவர் சிறு வயதில் ஈரானிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். இருவரும் பள்ளியில் ரோபோ குழு ஒன்றை நடத்தி வந்தார்கள். 2004ஆம் ஆண்டு, நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டி ஒன்று கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் நடக்க இருப்பதை அறிந்து, நான்கு மாணவர்களைச் சேர்த்துக் கொண்டார்கள்.

ஆஸ்கார், கிறிஸ்டியன், லொரென்சோ, லூயிஸ் என்பவர்களே அந்த நால்வர். நால்வரும் மெக்சிகோவில் பிறந்து, சிறு பிராயத்தில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர்கள். ஆஸ்கார் இராணுவத்தில் சேர வேண்டுமென்று கனவு கண்டவன்; ஒழுங்கும் தலைமைக் குணமும் கொண்டவன். கிறிஸ்டியன் கணக்கிலும் அறிவியலிலும் புலி. லொரென்சோ கார் பழுது பார்க்கும் இடத்தில் நின்று பார்த்தே இயந்திர வேலையைக் கற்றுக் கொண்டவன். லூயிஸ் ஆள் வாட்டசாட்டமானவன், அதிகம் பேசமாட்டான். இயந்திரத்தோடு இணைந்த நீண்ட கம்பி வடத்தைத் தண்ணீருக்குள் விடுவதும் இழுப்பதும் அவன் பொறுப்பு.

அந்தப் போட்டியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று உயர்நிலைப் பள்ளிகளுக்கு. மற்றொன்று கல்லூரி, பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடங்களுக்கு. இந்த ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை எதில் சேர்த்தார்கள் தெரியுமா? பெரிய பிரிவில்! அவர்களுடைய எண்ணம் எளிமையானது. பள்ளி மாணவர்களிடம் தோற்றால் பிள்ளைகள் மனம் உடைந்து போவார்கள். பல்கலைக்கழகத்திடம் தோற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கற்றுக் கொள்ளவும் நிறைய இருக்கும். வெற்றியைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

எதிரில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். உலகப் புகழ் பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக எம்.ஐ.டி. என்பார்கள். அவர்கள் குழுவில் 12 பேர், எல்லாரும் பொறியியலும் கணினியும் படிப்பவர்கள். எக்ஸான்மோபில் எண்ணெய் நிறுவனம் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான அமெரிக்க வெள்ளி கொடுத்திருந்தது. நம் பிள்ளைகள் அங்கே இங்கே கேட்டுத் திரட்டியதோ ஏறக்குறைய 800 வெள்ளி.

நம் பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், திருத்தப் போவதில்லை.

800 வெள்ளியில் உலோகச் சட்டம் வாங்க முடியுமா? வீட்டுத் தண்ணீருக்குப் போடுகிறோமே, அந்த பி.வி.சி. குழாய்களை வாங்கி அறுத்து, பசை போட்டு ஒட்டினார்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று இயந்திரத்தை மிதக்க வைத்தது. குழாயின் உள்ளேயே மின்கம்பிகளையும் ஓட்டினார்கள். மின்கருவிகளை வைக்க நீர் புகாத கைப்பெட்டி ஒன்று. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சாயம் பூசினார்கள். ஒட்டிய பசையின் நாற்றம் தாங்க முடியவில்லை. அதனால் இயந்திரத்துக்கு 'ஸ்டிங்கி' என்று பெயர் வைத்தார்கள். நம் பேச்சில் சொன்னால் 'நாத்தம் பிடிச்சவன்'!

தெரியாத விஷயங்களுக்கு என்ன செய்தார்கள்? கேட்டார்கள். நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசி, 'தண்ணீருக்குள் வெப்பநிலையை அளக்க எந்தக் கருவி நல்லது?' என்று நிபுணர்களிடமே விசாரித்தார்கள். பெரிய மனிதர்கள் நம்மிடம் எங்கே பேசப் போகிறார்கள் என்று அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. அந்தப் பெரியவர்களும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

போட்டியில் கொடுக்கப்பட்ட வேலை சாமானியமானது அல்ல. நீச்சல் குளத்தின் அடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரியை வைத்திருந்தார்கள். இயந்திரம் அங்கே போய் அதன் நீளத்தை அளக்க வேண்டும். கீழே கிடக்கும் பொருளை எடுத்து வர வேண்டும். பீப்பாய் ஒன்றுக்குள் இருக்கும் திரவத்தில் கொஞ்சம் உறிஞ்சிக் கொண்டு வர வேண்டும். ஆழத்தையும் வெப்பத்தையும் சொல்ல வேண்டும். இயக்குபவர்கள் குளத்தைப் பார்க்க முடியாது. இயந்திரத்தில் பொருத்திய காமிரா அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

நீளத்தை அளக்க, கட்டட வேலையில் பயன்படுவது போன்ற ஒளிக்கற்றை அளவுகோலை எடுத்துக் கொண்டார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி காற்றில் போகிற வேகத்தில் தண்ணீரில் போவதில்லை. சுமார் முக்கால் பங்கு வேகம்தான். ஆகையால் கருவி உண்மை நீளத்தைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். இதை அறிந்து, கணக்குப் போட்டுத் திருத்திக் கொண்டார்கள். திரவத்தை உறிஞ்சி வைக்க என்ன கருவி என்கிறீர்களா? குழந்தைகள் ஊதும் பலூன்! அதை ஒரு சிறு பம்போடு இணைத்துவிட்டார்கள்.

சாண்டா பார்பராவுக்குப் போய்ச் சேர்ந்து ஒத்திகை பார்த்தபோது வந்தது சோதனை. மின்கருவிகள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்திருந்தது. புதுப் பெட்டி செய்ய நேரமில்லை. கசியும் நீரை உறிஞ்ச ஏதாவது வேண்டும். பெண்கள் மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தும் பஞ்சு இதற்கு ஏற்றது என்று முடிவாயிற்று. யார் போய் வாங்குவது? லொரென்சோவைக் கடைக்கு அனுப்பினார்கள். பாவம், பதினாறு பதினேழு வயதுப் பையன். கூச்சத்தில் நெளிந்தபடியே, அங்கே நின்ற ஒரு பெண்மணியிடம் விஷயத்தைச் சொல்லி எது நன்றாக உறிஞ்சும் என்று கேட்டான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. எடுத்துக் கொடுத்து, வெற்றி பெற வாழ்த்தியும் அனுப்பினார். அதற்குள் மற்றவர்கள் இரவெல்லாம் கண்விழித்து, மின்கம்பிகளை மறுபடியும் பற்றவைத்து முடித்தார்கள்.

மறுநாள் ஸ்டிங்கி தண்ணீருக்குள் இறங்கியது. பெட்டிக்குள் வைத்த பஞ்சு தன் வேலையைச் செய்தது. பலூனிலும் திரவம் நிறைந்தது. ஆயினும் நீருக்குள் செய்த வேலையில் அதிகப் புள்ளிகள் பெற்றவர்கள் எம்.ஐ.டி. மாணவர்களே. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் போட்டி அதோடு முடியவில்லை. ஒவ்வொரு குழுவும் நிபுணர்கள் முன்னால் நின்று, 'ஏன் இப்படிச் செய்தாய்? எப்படி வேலை செய்கிறது?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் ஓர் அறிக்கையும் கொடுத்திருக்க வேண்டும். இங்கேதான் அந்த நால்வரும் ஓங்கி நின்றார்கள். ஒவ்வொரு குழாயையும் தங்கள் கையால் அறுத்து ஒட்டியவர்கள் அல்லவா? எந்தத் திருகாணி எதற்கு என்று நால்வருக்கும் தெரிந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் தட்டாமல் பதில் வந்தது.

பரிசளிப்பு விழாவில், கடைசி இடம் வராமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நடுவர்களின் சிறப்புப் பரிசு என்று அழைத்தார்கள். ஆறுதல் பரிசு போலும் என்று நினைத்து வாங்கிக் கொண்டார்கள். பிறகு சிறந்த வடிவமைப்புக்கான பரிசு. பிறகு சிறந்த தொழில்நுட்ப அறிக்கைக்கான பரிசு; வீட்டில் ஆங்கிலமே பேசாத பிள்ளைகள் எழுதிய ஆங்கில அறிக்கைக்கு! இறுதியில் ஒட்டுமொத்த வெற்றியாளரை அறிவித்தார்கள். இரண்டாம் இடம் எம்.ஐ.டி.; முதலிடம் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி.

இங்கே 'சுபம்' போட்டுவிட்டால் உங்களுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதற்குப் பின் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன்.

அந்த நால்வரில் பலருக்கும் அமெரிக்காவில் வசிப்பதற்கான பத்திரம் இல்லை. ஆஸ்கார் ஆசைப்பட்ட இராணுவம் அவனைச் சேர்த்துக் கொள்ளவில்லை. கல்லூரிக்கு அரசாங்க உதவியும் கிடைக்காது. 2005ஆம் ஆண்டு ஒரு பத்திரிகையில் இவர்கள் கதை வெளிவந்த பிறகு, வாசகர்கள் மனமிரங்கிப் படிப்புக்குப் பணம் அனுப்பினார்கள். ஆனால் 2006ஆம் ஆண்டு நவம்பரில் அரிசோனா மாநில வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். பத்திரம் இல்லாத மாணவர்கள், வெளி மாநிலத்தாருக்குரிய உயர்ந்த கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். கணக்கில் புலி என்றேனே, அந்தக் கிறிஸ்டியன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது. லொரென்சோவும் லூயிஸும் சமையல் கலை கற்று அந்தத் தொழிலுக்குப் போனார்கள். அது நல்ல தொழில்தான். ஆனாலும் வேறு கதவுகள் திறந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்களோ என்ற ஏக்கம் நமக்கு எழாமல் இல்லை.

ஆஸ்கார் மட்டும் விடாப்பிடியாக நின்று, 2009ஆம் ஆண்டு இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். பிறகு, சட்டப்படியே திரும்பி வருவேன் என்று, மனைவியையும் குழந்தையையும் விட்டு மெக்சிகோவுக்குப் போனார். பத்து ஆண்டுகள் திரும்பக் கூடாது என்று முதலில் தடை விழுந்தது. செனட்டர் டிக் டர்பின் அவருக்காகக் குரல் கொடுத்தார். 2010ஆம் ஆண்டு தடை நீங்கித் திரும்பி வந்த ஆஸ்கார், தாம் ஆசைப்பட்ட இராணுவத்திலேயே சேர்ந்தார். ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார், அமெரிக்கக் குடிமகனும் ஆனார். இவர்களுடைய வரலாறு 2014இல் புத்தகமாகவும், 2015இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

வாசக நேயர்களே, இதை உங்களுக்கு ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்?

"எங்க பிள்ளைக்கெல்லாம் அது எட்டாதுங்க" என்று நம் வீடுகளில் சொல்லும் பழக்கம் இருக்கிறது. பிள்ளை காதுபடவே சொல்கிறோம். அந்த இரண்டு ஆசிரியர்கள் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டாலும், பழுதான மின்விசிறியையும் பழைய சைக்கிளையும் பிள்ளை கழற்றிப் பார்க்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். கழற்றியதை மறுபடி பூட்டச் சொல்லுங்கள். ஆணுக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள். பள்ளியில் அறிவியல் கழகம், ரோபோ கழகம் என்று ஏதாவது இருந்தால், ஆசிரியரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு கிடையாது.

இன்னொன்று, இதைவிட அவசரமானது. வென்ற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தியது அறிவுக் குறைவு அல்ல. ஒரு துண்டுக் காகிதம். பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதா? பெயர், பெற்றோர் விவரம் எல்லாம் சரியாக இருக்கிறதா? 12 வயதானதும் அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா? இல்லையென்றால் நாளை என்று தள்ளாமல் பதிவு இலாகாவுக்குப் போங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் துணையாகப் போங்கள்.

பிள்ளைகள் எட்டு நூறு வெள்ளியில் இயந்திரம் செய்துவிடுவார்கள். பத்திரம் எடுத்து வைக்க வேண்டியது நாம்தான்.