பாலில் தங்கும் மருந்தும் விற்பவரின் அமானத்தும்

பாலில் நீர் கலப்பது மோசடி என்பதை மக்தபில் ஓதும் சிறுவரும் அறிவர். ஆனால், மடிவீக்க நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை மறுநாளே சங்கத்தில் ஊற்றுவதும் அதே வகையைச் சேர்ந்ததுதான் என்றால் பலர் வியக்கின்றனர். மாடும் ஹலால், பாலும் ஹலால், இதில் என்ன குறை என்கின்றனர்.

திருக்குர்ஆன் ஹலாலுடன் தய்யிபையும் சேர்த்தே வலியுறுத்துகிறது (2:168). சூரத்துந் நஹ்லின் 66ஆம் வசனம் பாலின் தூய்மையையே இறைவனின் அத்தாட்சியாகக் காட்டுகிறது. அந்தத் தூய்மையை நாம் கெடுத்துவிட்டு, பெயரளவில் ஹலால் என்று ஆறுதல் கொள்ளலாகாது.

மடிக்குள் செலுத்தப்படும் பென்சிலின் போன்ற மருந்துகள் சில நாட்கள் வரை பாலில் வெளியேறிக்கொண்டிருக்கும். காய்ச்சினால் நீங்கிவிடும் என்பது தவறு. கிருமிகள் சாகும், மருந்தின் பெரும்பகுதி நிற்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு அது தீங்காகலாம். கிருமிகள் மருந்துக்குப் பழகி, பின்னர் நோயாளிக்கு அம்மருந்து பயனற்றுப்போவது அதனினும் பெரிய கேடு. சர்வதேச கோடெக்ஸ் விதிப்படி ஒரு கிலோ பாலில் பென்சிலின் 4 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது, ஒரே ஒரு கிராம் பென்சிலின் இரண்டரை இலட்சம் கிலோ பாலை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்!

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை ஆராய்ந்தது. பாலைப் பாதுகாப்பற்றதாக்கும் கலப்படம் 12 மாதிரிகளில் இருந்தது. வரம்பை மீறிய ஆன்டிபயாடிக் 77 மாதிரிகளில் இருந்தது. நாம் அஞ்சுவது ஒன்று, அஞ்ச வேண்டியது வேறொன்று.

லாக்டோமீட்டர் இதைக் காட்டாது. ஆய்வுக்கூடத்தில், வெப்பத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கலந்த ஊதா நிறக் கூழில் சிறிதளவு பாலை விட்டு, சுமார் 64 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் அளவுக்கு வைப்பர். மருந்தில்லாத பாலில் பாக்டீரியா வளர்ந்து அமிலம் உண்டாக்க, ஊதா மஞ்சளாக மாறும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். (சில வேளை வீட்டில் தயிர் உறையாததற்கும் இதுவே காரணமாகலாம், பழியோ உறைமோரின் மீது விழுகிறது.) சில நிமிடங்களில் விடை தரும் பரிசோதனைப் பட்டைகளும் உள்ளன. எந்த மருந்து, எவ்வளவு என்று துல்லியமாக அறிய நிறமாலைக் கருவிகள் கொண்ட ஆய்வகம் வேண்டும்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழையில் நனைந்தது அவருடைய குற்றமன்று; ஈரத்தை மக்கள் பார்வைக்கு மேலே வைக்காததே குற்றம். மாட்டுக்கு நோய் வருவதும், மருந்து கொடுப்பதும் அவ்வாறே. மறைப்பதுதான் பாவம்.

எனினும், ஒற்றை மாட்டை நம்பி வாழும் ஒரு விதவையிடம் ஐந்து நாள் பாலைக் கொட்டிவிடு என்று மிம்பரிலிருந்து கூறுவது எளிது. அந்த இழப்பை அவர் மட்டுமே சுமக்க வேண்டும் என்பது நீதியாகாது. கால்நடை மருத்துவரின் சீட்டைக் காட்டுவோருக்கு, மருந்தின் உறையில் குறித்துள்ள நாட்களுக்குரிய பால் விலையை மஹல்லாவின் பைத்துல் மாலிலிருந்து கொடுக்கலாம். ஒரு வலீமா விருந்தில் வீணாகும் பிரியாணியின் மதிப்புக்கூட அதற்குத் தேவைப்படாது.