எளிமை எங்களுக்குப் புதுசில்லை

கொஞ்ச நாளாக எல்லோருடைய ஃபோனிலும் ஒரே மாதிரி வீடியோ ஓடுகிறது. ஓட்டு வீடு, முற்றத்தில் தென்னை, பின்னுக்கு ஒரு வாய்க்கால். அம்மா கத்தரிக்காய் பறிக்கிறாங்க. அப்பா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பில் நடக்கிறார். இரவில் ரெண்டு பேரும் குந்தியிருந்து ஒரு கொப்பியில் மாதச் செலவை எழுதுகிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல். குறைவாக வைத்திருந்தால் நிறைவாக வாழலாம் என்று கீழே ஒரு வசனம்.

இதில் கெட்டது ஒன்றுமில்லை. நாங்களும் தோட்டம் பிடித்த ஆக்கள்தான். பின்னேரம் கடற்கரையில் நடக்க எங்களுக்கும் ஆசைதான். வீண்செலவு எங்களுக்கும் பிடிக்காது. எங்கட சண்டை வேறு இடத்தில். இந்த எளிமை ஒரு நல்ல குணம், மனசு வைத்தால் யாருக்கும் வரும் என்று சொல்கிறார்களே, அதோடுதான் சண்டை. தோட்டத்துக்கு நிலமும் நல்ல தண்ணீரும் வேணும். நடக்கப் பாதை வேணும். கணக்கு எழுத வரவு வேணும். இவையெல்லாம் கையில் இருக்கிறவர் குறைத்து வாழ்ந்தால் அது எளிமை. இல்லாதவர் அப்படி வாழ்ந்தால் அதற்குப் பெயர் இல்லாமை. ரெண்டையும் ஒரே சொல்லால் கூப்பிடும்போது யாரோ தப்பித்துக்கொள்கிறார்கள். யார் என்று பார்ப்போம். தூரத்துக்குப் போகத் தேவையில்லை, சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரைக்கும் உள்ள எங்கட கரையே போதும்.

முதலில் தோட்டம்.

2022 ஜூன் மாதம் ஞாபகமிருக்கிறதா? பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா வரிசை. அந்த நேரம் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. அரசாங்க ஊழியர்களுக்கு 3 மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. எரிபொருள் மிச்சமாகும், வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம், உணவுத் தட்டுப்பாடு குறையும் என்றார்கள். நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்து அப்போது 2 மாதம். அதற்கு முதல் வருஷம், 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடை செய்து, நவம்பரில் திரும்பவும் அனுமதித்த அரசாங்கமும் இதுதான். கமக்காரனின் வயலைக் கெடுத்துவிட்டு, கிளாக்கரின் வளவில் வெண்டி நடச் சொன்னார்கள்.

வெண்டி நடுவது பிழையில்லை. ஆனால் யாருடைய வளவில்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து துரத்திய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய முகாம்கள் பிறகு ஊர்களாகின. அந்த ஊர்களில் சுவருக்குச் சுவர் வீடு. கரையோர மீன்பிடிக் கிராமங்களிலும் இதே நெருக்கம்தான். அப்பாவின் வளவை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்த பிறகு மிஞ்சுவது உடுப்புக் காயப்போடும் இடம். அங்கே போய் வீட்டுத்தோட்டம் என்று வகுப்பெடுத்தால் மக்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், விதைப் பக்கெட்டையும் வாங்கிக்கொள்வார்கள். எங்கே ஊன்றுவது?

இடம் இருக்கிற கற்பிட்டிப் பக்கம் வாருங்கள். இது தோட்டத்துக்குப் பேர்போன ஊர். சின்ன வெங்காயம், மிளகாய், கத்தரி, பீட்ரூட் எல்லாம் இந்த மணலில் விளைகின்றன. மணலுக்குக் கீழே, உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக நல்ல தண்ணீர் மிதக்கிறது. கிணறு ஆழமில்லை, மோட்டரைப் போட்டால் தண்ணீர். ஆனால் அந்தப் படலம் மெல்லியது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட உரத்தில் பயிர் எடுத்ததுபோக மிச்சம் நேரே கிணற்றுக்கு இறங்கும். கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருஷமாக எழுதிவருகிறார்கள். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிற தண்ணீரில் இது கூடினால் ஆபத்து. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. இந்த ஊர்த் தாய்க்கு, சொந்தக் கிணறும் சொந்தத் தோட்டமும் இருந்தால் நிம்மதி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அவளுக்குத் தேவை உபதேசமில்லை, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த ரிப்போட்.

மக்களைத் தோட்டம் செய்யச் சொல்வதே மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது நின்றுபோனது. அங்கேயும் நகரத்து மக்களைப் பயிர் செய்யத்தான் சொன்னார்கள். ஆனால் ஹவானாவில் சும்மா கிடந்த காணிகளைப் பயிர் செய்ய முன்வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். விதையும் ஆலோசனையும் கொடுக்கிற நிலையங்கள் வந்தன. அங்கே தோட்டத்தோடு நிலமும் வந்தது. இங்கே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் அரசாங்கச் சம்பளக்காரருக்கு. மீன்பிடிக்கிறவருக்கும் கூலிக்காரருக்கும் எந்தக் கிழமை லீவு?

எங்கட கலைப்பீடத்தில் எளிய வாழ்வு என்று பேச்செடுத்தாலே தோரோவின் பெயர் வந்துவிடும். 1845 இல் வால்டன் குளக்கரையில் தனக்கு ஒரு சின்ன வீடு கட்டி, அதற்கு 28 டொலர் 12½ சதம் செலவு என்று சதக் கணக்கு வரை எழுதி வைத்தவர். அந்தக் கணக்கில் நிலத்தின் விலை இல்லை. நிலம் நண்பர் எமர்சனுடையது. தோரோவை நாங்கள் குறைசொல்லவில்லை. அடுத்த வருஷமே, அடிமைமுறையையும் மெக்சிக்கோ யுத்தத்தையும் நடத்துகிற அரசாங்கத்துக்கு வரி கட்டமாட்டேன் என்று ஒரு இரவு சிறையிலும் இருந்தவர் அவர். எங்களுக்குக் குளத்தையும் குடிசையையும் காட்டுகிறவர்கள் அந்தச் சிறையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவருடைய எளிமைக்குள் ஒரு மறுப்பு இருந்தது. எங்களிடம் கேட்கப்படுவது சம்மதம்.

அடுத்தது நடை.

நடக்கக் காசு தேவையில்லை என்பார்கள். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர் எல்லையிலிருந்து நிலத்துப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே யாரும் நினைத்தபடி கட்ட முடியாது. காகிதத்தில் அப்படி. கற்பிட்டியில் உல்லாசத்துறைத் திட்டம் வந்த பிறகு, வாடி போட்ட இடமும் வலை காயவிட்ட இடமும் கடலுக்கு இறங்கிய ஒழுங்கையும் வேலிக்குள் போகின்றன என்று மீனவர்கள் எத்தனை தடவை எதிர்த்தார்கள்! காற்றாடிப் பலகையில் சறுக்க வருகிற வெளிநாட்டுக்காரரோடு எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் ஆலங்குடாவில் இருந்து கண்டக்குழி வரை காலாற நடக்க நினைக்கிற ஊர்ப் பிள்ளை, எது பாதை, எது ஹோட்டல் வாசல் என்று யோசித்து யோசித்துக் கால் வைக்க வேண்டியிருக்கிறது.

வேலி இல்லாத பக்கம் போனால் நுரைச்சோலை. 900 மெகாவாட், நாட்டிலேயே பெரிய அனல்மின் நிலையம். நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றோடு வந்து வீட்டிலும் பயிரிலும் படிகிறது என்று சுற்றுவட்டாரம் வருஷக்கணக்காக முறையிடுகிறது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிற ஊர் தன் வீட்டு மின்குமிழை அணைத்து அணைத்துச் சிக்கனம் பழகியது.

வடக்கே போனால் அருவக்காடு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியவர்களின் கண்ணில் பட்டது புத்தளம். முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று எல்லோரும் வேண்டாம் என்று தெருவில் நின்றார்கள். நின்றும் திட்டம் வந்தது. கொழும்பில் எளிமை பற்றிப் பேசுகிறவர்கள் வீசி எறிந்ததெல்லாம் எங்கட பக்கம் வர, நாங்கள் இயற்கையோடு சேர்ந்து நடக்கவேணுமாம்.

கடைசியாகக் கணக்கு. இதில்தான் எங்கட அம்மாமாரை நன்றாக வைத்துச் செய்கிறார்கள்.

வரவை எழுது, செலவை எழுது, மிச்சத்தைச் சேமி என்பது மாதச் சம்பளக்காரரின் சூத்திரம். எங்கட கரையில் வரவு காற்றைப் பார்த்து வரும். தென்மேல் பருவக்காற்று எழும்பினால் கடல் மூடிக்கொள்ளும். அந்த மாதங்களில் கடைக்காரரின் கடன் கொப்பிதான் வீட்டின் பட்ஜெட். நல்ல பாடு பட்டால் ஒரு பகுதி அதற்குப் போகும், ஒரு பகுதி எண்ணெய்க்கு, ஒரு பகுதி வலைக்கு.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. சின்னப் படகொன்று ஒரு நாளைக்கு 20 லீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுவோம். நேற்று 1,740 ரூபா, இன்று 6,800 ரூபா. வித்தியாசம் 5,060. வீட்டில் கீரை நட்டதால் பிடி ஒன்றுக்கு 100 ரூபா மிச்சம் என்றே வையுங்கள். ஒரு நாள் எண்ணெய் ஏற்றத்தைச் சரிக்கட்ட ஐம்பது பிடி கீரை வேணும். எந்த அம்மா, எத்தனை வாளி தண்ணீர் ஊற்றி, இந்தக் கணக்கைச் சரிசெய்வாங்க?

செய்யத்தான் பார்க்கிறார்கள். முதலில் தன் சாப்பாட்டைக் குறைப்பாங்க. பிறகு நகை அடைவுக்குப் போகும். அதுவும் முடிந்தால் கடவுச்சீட்டு. சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்ணாகப் பெண்களை அனுப்பாத ஊர் எங்கட மாவட்டத்தில் குறைவு. வேறொரு வீட்டின் பிள்ளையைக் குளிப்பாட்டி, வேறொரு வீட்டின் முற்றத்தைக் கூட்டி அனுப்புகிற காசில் இங்கே சுவர் எழும்புகிறது. பிறகு யாரோ வந்து, குடும்பம் என்றால் சேர்ந்திருக்கவேணும், சிக்கனமாக இருந்திருந்தால் தாய் போயிருக்கத் தேவையில்லை என்று பேசுகிறார். அந்த வீட்டில் வெட்டிக் குறைக்க இனி என்ன மிச்சம் இருந்தது என்று அவர் கேட்டதில்லை.

இப்போது எங்களிடம் ஒரு கேள்வி வரும்: "அப்ப எங்கட சனம் வீண்செலவே செய்யிறதில்லையா? கடன்பட்டுக் கலியாணம் செய்யிறது யார்?" நியாயமான கேள்வி. செய்கிறோம். ஒரு நாள் மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் பல வருஷக் கடன். அதைவிடப் பெரியது சீதனம், கைக்கூலி. பெண்ணைப் பெற்ற வீடு வளவையும் வீட்டையும் நகையையும் எழுதிக் கொடுக்கிறது. இங்கே சிக்கனம் பேசுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆனால் எங்கட அனுபவத்தில், தேத்தண்ணியில் போடுகிற சீனியை எண்ணுகிற வாய்கள் கைக்கூலியை எண்ணுகிற நேரத்தில் சும்மா இருக்கின்றன. கோயில் கூட்டத்திலும் சரி, பள்ளிவாசல் பயானிலும் சரி, அடுப்படிச் செலவுக்குத்தான் உபதேசம். ஆம்பிளை மாப்பிள்ளையாக வாங்குகிறது செலவுக் கணக்கிலேயே வராது. இதில் எங்கட தலைமுறைப் பையன்களுக்கும் பங்கு உண்டு. பூச்சட்டி வைத்து மினிமலிசம் என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர், வீட்டில் பேசுகிற சீதனத்தை வேண்டாம் என்று சொல்லட்டும். அதுதான் முதல் சிக்கனம்.

ஆகவே எங்கட கோரிக்கைகளையும் எளிமையாகவே வைக்கிறோம். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே மண்ணில் இருக்கிற குடும்பங்களில் காணி உறுதி கிடைக்காதவர்களுக்கு உறுதி கொடுங்கள். கற்பிட்டிக் கிணறுகளை வருஷா வருஷம் பரிசோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம அலுவலர் கந்தோரில் ஒட்டுங்கள். கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளை வரைபடத்தில் குறித்துப் பலகை நடுங்கள். எண்ணெய் விலை கூட்டும் முன் ஒரு படகின் வரவு செலவைப் பாருங்கள். தோட்டம் வைக்கச் சொல்கிறீர்கள் என்றால் அதற்குக் காணியும் கொடுங்கள்.

இவ்வளவும் கிடைத்த பிறகு எங்கட அம்மாமாருக்கு யாரும் வந்து எளிமை சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும் எப்போதும் அவர்கள் வைத்ததுதான். மீன் கூடின நாளில் கருவாடு போட்டதும், சீட்டுப் பிடித்துப் பிள்ளைகளை வளாகத்துக்கு அனுப்பியதும் அவர்கள்தான். நாங்கள் இங்கே இருந்து இதை எழுதுவதே அந்தக் கணக்கில்தான்.